மலைக்குளிரில் பன்றிக்குட்டிகளைக் காப்பது எப்படி?

கேள்வி: உதகமண்டலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் இரண்டு தாய்ப்பன்றிகளும் பதினான்கு வளரும் பன்றிகளும் வைத்திருக்கிறேன். சென்ற ஜனவரியில் உறைபனி விழுந்த நாட்களில் பிறந்த பத்துக் குட்டிகளில் ஏழு, மூன்றே நாளில் இறந்துவிட்டன. கொட்டிலைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, உள்ளே கரி மூட்டியும் பயனில்லை. ஓட்டல் மிச்சமும் கழிவுக் கேரட்டும்தான் தீவனம். இந்த ஆண்டு ஒரு பன்றி டிசம்பர் கடைசியில் ஈனும். குளிருக்காகத் தீவனத்தை எவ்வளவு கூட்ட வேண்டும்? மற்றொரு பன்றியை இப்போது ஆண் பன்றியுடன் சேர்க்கலாமா?
— வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இரவெல்லாம் கண் விழித்துக் காத்த பிறகும் ஏழு குட்டிகளைப் பறிகொடுத்த உங்கள் வேதனை கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நீங்கள் தீவனத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆயினும் மூன்று நாட்களுக்குள் இறந்த குட்டிகளைத் தீவனத்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்பதால், அவை படுத்திருந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

கன்றும் ஆட்டுக்குட்டியும் பிறக்கும்போதே உடலில் வெப்பம் தரும் ஒருவகைப் பழுப்புக் கொழுப்போடு பிறக்கின்றன. பன்றிக்குட்டிக்கு அது கிடையாது. மேலே அடர்ந்த மயிரும் இல்லை. ஒன்றேகால் கிலோ எடையுள்ள அந்த ஈர உடல், தாயின் வயிற்றுக்குள் இருந்த 39 பாகை செல்சியஸ் வெப்பத்திலிருந்து திடீரெனக் குளிர்ந்த தரையில் வந்து விழுகிறது. முதல் இரண்டு நாட்களில் அதற்கு வேண்டிய வெப்பம் 32 முதல் 35 பாகை. தாய்க்கோ 16 முதல் 20 பாகையே சுகமானது. அதைவிட மிகுந்த வெப்பத்தில் தாய் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், பாலும் வற்றும். ஆகவே ஒரே கொட்டிலுக்குள் இருவேறு தட்பவெப்பங்களை நீங்கள் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது. கொட்டில் முழுவதையும் சூடாக்க முயல்வது செலவு மட்டுமல்லாமல் தாய்க்கும் தீங்கு.

இதற்கு எளிய வழி, ஈனும் அறையின் ஒரு மூலையில் குட்டிகள் மட்டும் நுழையக்கூடிய ஒரு பெட்டி. பலகையால் மூன்று பக்கமும் மேற்புறமும் அடைத்து, முன்புறம் சாக்குத்துணியைத் தொங்கவிட்டு, தரையில் ஒரு சாண் அளவுக்கு உலர்ந்த வைக்கோலை நறுக்கிப் பரப்புங்கள். மேலே அகச்சிவப்பு விளக்கையோ, அது கிடைக்காவிட்டால் 100 வாட் குண்டு பல்பையோ, குட்டிகளின் முதுகுக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் கட்டுங்கள். மின்கம்பியால் தொங்கவிடாமல் சங்கிலியால் தொங்கவிடுங்கள். பலகையோ சாக்கோ விளக்கைத் தொடாதபடி இடம் விடுங்கள். அறுந்து விழும் விளக்கு வைக்கோலைப் பற்றவைக்க ஒரு நொடி போதும். பெட்டியின் வெப்பம் சரியாக இருக்கிறதா என்பதற்கு வெப்பமானி இல்லாவிட்டாலும் குட்டிகளே சொல்லிவிடும்: ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து, கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, மயிர் சிலிர்த்துக் கிடந்தால் குளிர் மிகுதி; விளக்கை விட்டு விலகி ஓரங்களில் கிடந்தால் சூடு மிகுதி; பக்கவாட்டில் கால் நீட்டி, ஒன்றையொன்று தொட்டபடி உறங்கினால் அதுவே வேண்டிய நிலை.

பெட்டி இல்லாத கொட்டிலில் குட்டிக்குத் தெரிந்த ஒரே வெப்பம் தாயின் வயிறுதான். குளிர்ந்து சோர்ந்த குட்டி அங்கேயே ஒட்டிக் கிடக்கும். தாய் புரளும்போது விலகும் வலு இல்லாமல் நசுங்கிச் சாகும். பார்ப்பவர்கள் தாயின் மீது பழி சொல்வார்கள். நான் பார்த்தவரையில் அப்படி நசுங்கிய குட்டிகளில் பல, நசுங்கும் முன்பே குளிரில் பாதி உயிரை இழந்தவை. சுவரிலிருந்து ஓரடிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி, தரையிலிருந்து அதே உயரத்தில் ஒரு குழாயையோ மூங்கிலையோ பொருத்திவிட்டால், தாய் சாயும்போது குட்டி ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும்.

குட்டி பிறந்ததும் சாக்குத்துணியால் துடைத்து உலர்த்தி, மடியில் சேர்த்துவிடுங்கள். பன்றிக்குத் தாயின் நோயெதிர்ப்பு கருப்பையின் வழியே குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியேதான் செல்கிறது, அதுவும் முதல் ஒரு நாளுக்குள். முதல் ஆறு மணி நேரத்தில் குடிப்பதே மிகுந்த பயன் தருவது. குளிர்ந்து மயங்கிய குட்டியின் வாயில் பாலை ஊற்றிவிடாதீர்கள். விழுங்கத் தெரியாத நிலையில் அது நுரையீரலுக்குள் போய்விடும். கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 40 பாகை வெந்நீரில் கழுத்தளவு சில நிமிடங்கள் பிடித்து, நன்றாகத் துடைத்து, விளக்கின் கீழ் வைத்து, வாயில் விரல் வைத்தால் சப்பும் அளவுக்குத் தெளிந்த பிறகு மடிக்குக் கொண்டுபோங்கள்.

இனித் தார்ப்பாயும் கரியும். நான்கு பக்கமும் இறுக மூடிய கொட்டிலில் பன்றிகளின் மூச்சு ஈரமும் சிறுநீர் ஈரமும் வெளியேற வழியின்றிக் கூரையில் படிந்து, இரவில் சொட்டுச் சொட்டாகப் படுக்கையை நனைக்கும். ஈரமான சிமெண்ட் தரை, காற்றின் குளிரைவிடப் பல பாகைகள் கூடுதலான குளிரை உடலுக்குத் தரும். அம்மோனியா நெடி சேர்ந்தால் நிமோனியாவும் வரும். ஆகவே பன்றிகளின் உயரம் வரைக்கும் காற்று புகாமல் அடைத்துவிட்டு, கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளியை எப்போதும் திறந்தே வையுங்கள். கொட்டிலைக் கழுவுவதை நண்பகலுக்கு மாற்றி, மாலைக்குள் தரை உலர்ந்துவிடும்படி பாருங்கள். கரி மூட்டுவதை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மூடிய இடத்தில் எரியும் கரி, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அது சினைப்பன்றியின் வயிற்றிலுள்ள குட்டிகளைக் கொல்லக்கூடியது, அருகில் காவல் இருக்கும் உங்களையும் கொல்லக்கூடியது.

தீவனத்துக்கு வருகிறேன். குளிர் கூடும்போது பன்றிக்குக் கூடுதலாக வேண்டியது எரிசக்தி, புரதம் அன்று. எனவே பிண்ணாக்கைக் கூட்டிப் பணத்தை வீணாக்காமல், மக்காச்சோளம், உடைத்த கம்பு, தவிடு போன்றவற்றைக் கூட்டுங்கள். வளரும் பன்றிக்கு, அதன் வசதியான வெப்பநிலையிலிருந்து குறையும் ஒவ்வொரு பாகைக்கும் நாளொன்றுக்குத் தோராயமாக 25 முதல் 40 கிராம் வரை கூடுதல் தீவனம் தேவைப்படும். பத்துப் பாகை குறைந்தால் கால் கிலோவுக்கு மேல். பதினான்கு பன்றிகளுக்குக் கணக்கிட்டால் நாளுக்கு நான்கைந்து கிலோ தானியம் குளிருக்கென்றே செலவாகிறது. ஆழமான உலர்ந்த வைக்கோல் படுக்கை ஒன்றே ஏறத்தாழ நான்கு பாகை குளிரைத் தணிக்கும் என்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து வைக்கோல் ஏற்றிவரும் செலவு தீவனத்தில் ஓரளவு திரும்பிவிடும். சினைப்பன்றிக்கு வழக்கமான இரண்டு, இரண்டரை கிலோவோடு கால் கிலோ முதல் அரை கிலோ வரை சேர்க்கலாம். ஈன்றபின் எட்டு, பத்துக் குட்டிகளுக்குப் பால் தரும் தாய்க்கு ஐந்தாறு கிலோ வரை படிப்படியாக உயர்த்த வேண்டும். செரிமானம் நடக்கும்போது உடலில் சூடு பிறப்பதால், நாளின் பெரும்பங்குத் தீவனத்தை மாலையில் கொடுங்கள்.

கழிவுக் கேரட்டை நீங்கள் முழுத்தீவனமாக எண்ணியிருப்பதாகத் தோன்றுகிறது. கேரட்டில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு நீர். வயிறு நிறையும், குளிரைத் தாங்கும் சக்தி வராது. உங்கள் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் சிறு உருளைக்கிழங்கு அதைவிடப் பயனுள்ளது. அதைப் பச்சையாகப் பன்றியால் நன்கு செரிக்க இயலாது; வேகவைத்துக் கொடுங்கள், நான்கைந்து கிலோ கிழங்கு ஒரு கிலோ தானியத்துக்கு ஈடாகும். பச்சை பாய்ந்த கிழங்கிலும் முளையிலும் நஞ்சு இருப்பதால் அவற்றை நீக்கிவிட்டு, வேகவைத்த நீரையும் கொட்டிவிடுங்கள்.

ஓட்டல் மிச்சத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அதில் உப்பு மிகுதி. உறைபனிக் காலையில் குழாய் உறைந்து, தொட்டியின் மேல் பனிக்கட்டி படிந்து பன்றிகள் நீரின்றி இருக்கும்போது, அதே உப்பு நஞ்சாகி, கண் தெரியாமல் தடுமாறுதல், சுவரில் தலையை முட்டி நிற்றல், வலிப்பு என்று முடியும். காலையில் முதல் வேலையாக வெதுவெதுப்பான நீரைத் தொட்டியில் ஊற்றுங்கள்; பாலூட்டும் தாய் நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டருக்கு மேலும் குடிக்கும். நெடுநேரம் நீரின்றி இருந்த பன்றிகளுக்கு ஒரேயடியாக நிறைய நீர் கொடுக்காமல் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது எச்சரிக்கை ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது 2022இல் வயநாட்டுப் பண்ணைகளிலும், 2023 தொடக்கத்தில் உங்கள் மாவட்டத்திலேயே முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் கண்டறியப்பட்டது. மனிதரைத் தாக்காத அந்நோய்க்குப் பன்றியில் மருந்தே இல்லை; பன்றி இறைச்சித் துணுக்கு கலந்த மிச்சமே அது பரவும் பெருவழிகளில் ஒன்று. எந்த மிச்சத்தையும் அரைமணி நேரம் கொதிக்கவைக்காமல் தொட்டியில் ஊற்ற வேண்டாம். காட்டுப்பன்றி நெருங்காதபடி வேலியும் இருக்கட்டும்.

இரண்டாவது பன்றியைத் தாராளமாக இப்போது சேர்க்கலாம். சினைக்காலம் 114 நாட்கள் என்பதால் நவம்பரில் சேர்த்தால் மார்ச்சில் ஈனும். அதற்குள் உறைபனி பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அடுத்த ஆண்டு முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பின் அக்டோபர் கடைசி வரை இரண்டு பன்றிகளையும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரையிலான கடுங்குளிரில் குட்டி பிறப்பதைத் தவிர்த்துவிடலாம். டிசம்பரில் ஈனவிருக்கும் பன்றிக்கோ, நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியையும் விளக்கையும் பொருத்தி, ஓரிரவு எரியவிட்டுப் பாருங்கள்.