பிஜிஎம்ஐ ஆடறதுக்குன்னே புது போன் எடுக்கலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். எனக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம், சேலத்துல ஹாஸ்டல்ல தங்கி படிக்கிறேன், சனி ஞாயிறு ஊருக்கு ஏறிடுவேன். ரூம்ல எல்லாரும் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) துப்பாக்கி கேம் தான். என் போன் 4 ஜிபி ராம், ரெண்டு மேட்ச் ஆடுனா கொதிக்குது, ஊர்ல டவரும் சரியா எடுக்காது. இதுக்குன்னே இஎம்ஐ-ல 25,000 ரூபாய்க்கு ஒரு போனும் கூடவே கேமுக்குள்ள காசு கட்டி வாங்கற ராயல் பாஸும் எடுக்கலாம்னு இருக்கேன், எடுக்கலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு போன் எடுக்காத. கேம் நல்ல கேம் தான், அதுல சந்தேகமே இல்ல. எராங்கல்ங்கற 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் மேப்புல 100 பேர் குதிச்சு, உள்ள நிக்க வேண்டிய வட்டம் (சோன்) சுருங்க சுருங்க நாலு பிரெண்ட்ஸ் மைக்ல கத்திக்கிட்டு கடைசி வட்டம் வரைக்கும் போற அந்த அரை மணி நேரம் இருக்கே, அந்த டென்ஷன் வேற எந்த மொபைல் கேம்லயும் எனக்கு கிடைச்சதில்ல. ஆனா அதே அரை மணி நேரம் தான் அதோட குறையும், நடுவுல எந்திரிக்க முடியாது, வீட்ல அம்மா கூப்பிட்டாலும் காதுல விழாது. நேரம் இல்லன்னா லிவிக் ஆடு, 2 கிலோமீட்டர் மேப், 52 பேர், சீக்கிரம் முடியும், போனும் அவ்வளவா சூடாகாது.

உன் பிரச்சனைல பாதி போனே இல்ல, பிங், அதாவது உன் போன்ல இருந்து கேம் சர்வருக்குப் போய் திரும்பி வர ஆகற நேரம். நாகலூர்ல பிங் 200 மில்லிசெகண்டுக்கு மேல போச்சுன்னா 25,000 ரூபாய் போன்லயும் நீ சுடறதுக்குள்ள எதிராளி உன்ன சுட்டு முடிச்சிருப்பான். நெட் ஸ்பீடு முக்கியமில்ல, டவர் நிலையா நிக்கணும், அதனால ஊர்ல எந்த சிம் எந்த இடத்துல நல்லா எடுக்குதுன்னு முதல்ல பாரு, அந்த செலவு சில நூறு ரூபாய் தான். ஆடறதுக்கு டேட்டா கம்மியா தான் போகும், அப்டேட்டும் மேப்பும் தான் ஜிபி கணக்குல இழுக்கும், அத சேலத்துலயே வைஃபைல இறக்கிட்டு மலை ஏறு.

அப்புறம் கிராபிக்ஸ ஸ்மூத்ல வை, சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாத, கவர கழட்டிடு. புளூடூத் வேணாம், வயர் ஹெட்செட் போடு, காலடி சத்தம் லேட்டா கேட்டா அங்கயே செத்த. இதெல்லாம் பண்ணியும் பிரேம் டிராப் ஆகி படம் விட்டு விட்டு ஓடுச்சுன்னா அப்ப போன பத்தி பேசலாம், அதுவும் படிப்புக்கும் சேர்த்து தேவைப்பட்டா மட்டும்.

ராயல் பாஸ் வேணவே வேணாம்ப்பா. அதுல கிடைக்கறது பெரும்பாலும் டிரெஸ்ஸும் துப்பாக்கி ஸ்கின்னும், குண்டோட டேமேஜ் ஒரு புள்ளி கூட ஏறாது. இந்த கேம 2022 ஜூலைல ஸ்டோர்ல இருந்து தூக்கினாங்க, திரும்ப வந்தது 2023 மே மாசம், இடைல பத்து மாசம் புதுசா யாரும் இறக்க முடியல. அப்படி ஒரு கேம்ல திரும்பத் திரும்ப காசு போடறதுக்கு எனக்கு மனசு வரல. பாதி விலைக்கு யூசி (கேமுக்குள்ள செலவழிக்கற காசு) ஏத்தித் தரேன்னு எவனாவது மெசேஜ் போட்டா பாஸ்வேர்டும் ஓடிபியும் குடுத்துடாத, எனக்குத் தெரிஞ்ச அஸ்தம்பட்டி பையன் ஒருத்தன் அப்படித்தான் ரெண்டு வருஷமா ஆடுன ஐடிய இழந்தான், திரும்பக் கிடைக்கவே இல்ல.