மாடு என்றால் செல்வம் என்றும் பொருள் உண்டா? பசு, ஆ எல்லாம் எங்கிருந்து வந்தவை?

உண்டு. திருக்குறளின் 400ஆம் குறளைப் பாருங்கள்: "கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை." இங்கே மாடு என்பது செல்வம். கல்வியைத் தவிர மற்றவை செல்வமே அல்ல என்கிறார் வள்ளுவர். மந்தையின் அளவுதான் ஒரு குடும்பத்தின் வளம் என்றிருந்த காலத்தில் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் சேர்ந்ததில் வியப்பில்லை. லத்தீனிலும் இதே கதைதான்: 'பெக்கூஸ்' என்றால் கால்நடை, அதிலிருந்து பிறந்த 'பெக்கூனியா' என்றால் பணம். சங்க காலத்தில் பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் கவரும் போர் வெட்சி, மீட்கும் போர் கரந்தை. போரே மாட்டில்தான் தொடங்கியது!

'பசு' வடமொழிச் சொல். அங்கே அது பொதுவாக வீட்டு விலங்கைக் குறிக்கும். தமிழில் பெண் மாட்டுக்கு மட்டுமாகச் சுருங்கிவிட்டது. சைவ சித்தாந்தம் அதையே பாசம் என்னும் தளையால் கட்டுண்ட உயிருக்குப் பெயராக்கியது: பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை).

எனக்கு மிகவும் பிடித்தது பசுவைக் குறிக்கும் 'ஆ'. ஒரே எழுத்து. தெலுங்கில் 'ஆவு', கன்னடத்தில் 'ஆகளு' என்று உறவுச் சொற்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. நம் பேச்சில் அது மறைந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆயர் என்ற பெயருக்குள் அது இருக்கிறது. தினமும் காலையில் வாங்கும் ஆவின் பால் பாக்கெட்டிலும் இருக்கிறது: ஆ + இன், நடுவில் இரண்டு உயிரெழுத்துகளையும் இணைக்கும் வகர உடம்படுமெய். "ஆவின் பால்" என்றால் பசுவினுடைய பால்.

எருது, காளை, விடை, ஏறு எல்லாம் ஆண் மாட்டுக்கு உரியவை.