நாவல்பழ நிறக் காரின் அடிவயிறு

அன்புள்ள ஐயா,

1970ஆம் வருடத்து பிளிமத் ஹெமி கூடா என்ற அமெரிக்கக் காரின் பிளாஸ்டிக் மாடலைச் செய்தது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. காரின் அடிப்பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். அலமாரியில் வைத்தபின் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பெட்டியில் இருப்பதை விளக்கத்தாள்படி ஒட்டுவதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? இன்னொன்று: நானும் ஒரு கிட் (பாகங்களை ஒட்டி மாடல் செய்யும் பெட்டி) வாங்கினேன். முன்கண்ணாடியை ஒட்டியதும் புகை படிந்ததுபோல வெளுத்துவிட்டது. கோளாறு கிட்டிலா, என் கையிலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கோளாறு பசையில். சூப்பர் க்ளூ காயும்போது எழும் ஆவி, பக்கத்தில் இருக்கும் பளபளப்பான பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும். என் முதல் காரிலும் இதையேதான் செய்தேன். அது இன்றும் மார்கழிப் பனியில் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி நிற்கிறது. கண்ணாடிக்கு மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையே போதும். ஒழுகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மற்ற பாகங்களுக்குத் திரவப் பசை. அது பாலிஸ்டைரீனை இளக்கி இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் அதையும் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சரி, அடிவயிற்றுக்கு வருகிறேன்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். கூடா என்பது பாரகூடாவின் சுருக்கம். நம் மீன் கடையில் ஷீலா என்று சொல்வார்களே, அந்த மீன்தான். அந்தக் காருக்குள் இருந்த ஹெமி எஞ்சின், அதாவது அரைக்கோள எரியறை கொண்ட எஞ்சின், 426 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 7 லிட்டர். கம்பெனி சொன்ன கணக்கு 425 குதிரைத் திறன். அந்த வருடம் இந்த எஞ்சினோடு விற்ற கூடாக்கள் எழுநூறைக்கூடத் தொடவில்லை. அவற்றின் பிளாஸ்டிக் குட்டிகள் நிச்சயம் அதைவிட அதிகம்.

இந்தக் காரில் பானெட்டின் நடுவே ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியே ஒரு காற்றுக்கூண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அது பானெட்டோடு சேர்ந்ததல்ல, எஞ்சின்மேல் பொருத்தியது. எஞ்சின் உறுமினால் கூண்டும் ஆடும், அதனால் அதற்கு ஷேக்கர் என்றே பெயர். மாடல் செய்கிறவனுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. எஞ்சின் எந்த உயரத்தில் உட்காருகிறது என்பதை அடிப்பகுதிதான் தீர்மானிக்கிறது. நான் முதலில் வைத்துப் பார்த்தபோது அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது, அவ்வளவுதான். மாடல் அசலில் 24இல் ஒரு பங்கு, அதனால் 24ஆல் பெருக்கினால் அசல் காரில் 12 மில்லிமீட்டர். கூண்டு பானெட்டில் இடித்தது, பானெட் மூடவில்லை. குற்றவாளி நான்தான். எஞ்சின் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை அள்ளிப் பூசியிருந்தேன். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்ய நான்கு இரவுகள் ஆயின. யாரும் பார்க்காத இடத்தில் செய்த தப்பு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வந்து நின்றது.

பெயின்ட் விஷயத்தில் இந்த 24 மடங்குக் கணக்கை எப்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாடல்மேல் 0.05 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச்சு ஏறினால், அசல் காரில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. கதவு இடுக்குகள் தூர்ந்துபோகும், எழுத்துகள் மழுங்கிவிடும். மெல்லிசாக, பல தடவை அடிப்பதுதான் ஒரே வழி.

இனி ஆராய்ச்சி என்று நீங்கள் கிண்டல் செய்த பகுதி. என் கிட்டின் விளக்கத்தாள், அடித்தகடு முழுவதற்கும் கறுப்பு அடி என்றது. அசல் கார் அப்படி இல்லை. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் ஆலையில் இந்த வண்டிகளைச் செய்தபோது, தரையும் உடலும் ஒன்றாகப் பற்றவைத்த வெற்றுக்கூடாகத்தான் பெயின்ட் பகுதிக்குப் போகும். எஞ்சினும் அச்சும் அதற்குப் பிறகுதான் ஏறும். அடியில் பிரைமரோடு, அதாவது அடிப்பூச்சோடு சரி. பெயின்ட் அடிக்கிறவர் பக்கவாட்டிலிருந்து அடிக்கும்போது பறந்த தூசி மட்டும் ஓரங்களில் போய்ப் படியும். ஓரத்தில் அடர்த்தியாக, உள்ளே போகப் போகப் புகைபோல. வாடிக்கையாளர் குனிந்து பார்க்கமாட்டார் என்று ஆலைக்கும் தெரியும்! இன்றைக்கு அசல் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள், அந்த அவசரத் தெறிப்பையும் அப்படியே திரும்பச் செய்கிறார்கள்.

கிட்டில் தரையும் உடலும் தனித்தனிப் பாகங்கள். தூரிகையால் அந்தப் புகையை வரைய இரண்டு தடவை முயன்றேன். தோல் நோய் மாதிரி வந்தது. மூன்றாவது தடவை மூளை வேலை செய்தது. அடித்தகட்டுக்குச் சாம்பல் பிரைமர் அடித்துக் காயவைத்து, உடலோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினேன். அப்புறம் அடிப்பகுதியை மறந்துவிட்டு, பக்கவாட்டிலும் கதவுக்குக் கீழேயும் நாவல்பழ நிறத்தை அடித்தேன். பிளிமத் அந்த நிறத்துக்கு இன்-வயலட் என்று பெயர் வைத்திருந்தது. காய்ந்தபின் டேப்பைப் பிரித்துத் திருப்பினால், புகை தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆலையில் எப்படி வந்ததோ அப்படியே. அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை விளக்கத்தாளில் எழுதமுடியாது.

எஞ்சினிலும் இதே கதை. ஹெமியில் ஸ்பார்க் பிளக் எரியறையின் உச்சியில் இருக்கிறது. அதனால் பிளக் வயர்கள் எஞ்சினின் பக்கவாட்டில் தொங்காமல், அகலமான வால்வு மூடிகளின் நடுவிலேயே இறங்கும். கிட்டில் வயர் கிடையாது. அசல் வயர் 7 மில்லிமீட்டர், 24ஆல் வகுத்தால் 0.29. பழைய இயர்ஃபோனை அறுத்துப் பாருங்கள், உள்ளே அந்த அளவில் ஏதாவது கிடைக்கும். எரிவரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து அந்த வரிசையில்தான் வயர்களை இழுத்தேன். தப்பாக இழுத்திருந்தாலும் பிளாஸ்டிக் எஞ்சின் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே.

மூன்று வாரக் கணக்கிலும் ஒரு திருத்தம். அது ஐப்பசி. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது லாக்கர் (சீக்கிரம் காயும் ஒரு வகைப் பெயின்ட்) அடித்தால் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். ஸ்ப்ரே டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, வெயில் எப்போது வரும் என்று மொட்டைமாடிக் கதவருகே நின்ற நாட்களையும் சேர்த்துத்தான் அந்த மூன்று வாரம்.