கடைசி மீட்டர் மட்டும் ஏன் சிவக்கிறது?

கேள்வி: ஃபால்ஸ் சீலிங் ஓரமாக 10 மீட்டர் ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள) எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை நானே ஒட்டினேன். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள 5 மீட்டர் சுருள்கள் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக கிளிப் போட்டு இணைத்திருக்கிறேன். வெள்ளை வைத்தால் தொடக்கம் வெள்ளையாகவும் கடைசி சிவந்தும் தெரிகிறது. 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரில் விட்டுவிட்டு எரிந்தது. 15 ஆம்பியர் பவர் சப்ளைக்கு மாறியதும் அது நின்றது. சிவப்பு மட்டும் போகவில்லை. சப்ளையில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி 13.5 வோல்ட்டுக்கு ஏற்றலாமா? ரிமோட் கன்ட்ரோலர் வேறு சுடுகிறது.

பதில்: திருகைத் தொடாதீர்கள். பவர் சப்ளை மீது பழி இல்லை.

முதலில் அடாப்டர் கணக்கு. உங்கள் ஸ்ட்ரிப் 5050 வகை (5 மில்லிமீட்டர் சதுர எல்.இ.டி.) என்றால் மூன்று நிறமும் முழுதாக எரியும்போது மீட்டருக்கு 14.4 வாட் கேட்கும். 10 மீட்டருக்கு 144 வாட், அதாவது 12 ஆம்பியர். 5 ஆம்பியர் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. அந்தக் கதை முடிந்தது.

சிவப்புக்கு வருவோம். ஸ்ட்ரிப்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மூன்று எல்.இ.டி.க்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அந்த மூன்றும் ஒரே தொடர். நிறத்துக்கு ஒரு பொடி ரெசிஸ்டர், கரண்ட்டை மட்டுப்படுத்த. பெரும்பாலும் ஒன்றின் மேல் 331 என்றும் மற்ற இரண்டின் மேல் 151 என்றும் அச்சிட்டிருக்கும். 331 என்பது 330 ஓம், அது சிவப்புக்கு. சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட், மூன்றுக்கு 6 போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் மூன்று சேர்ந்தால் 9 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் முழுசாக வந்தால் யாருக்கும் குறையில்லை. கடைசியில் 10 தான் வந்து சேர்கிறது என்றால் பச்சை, நீலத்தின் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது ஒரு வோல்ட்டோ அதற்கும் குறைவோதான். சிவப்பிடம் இன்னும் 4 வோல்ட் கையிருப்பு. அப்புறம் சிவக்காமல் என்ன செய்யும்?

வழியில் அந்த வோல்ட்டைத் தின்பது ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புத் தகடு. அதிலும் பிளஸ் தடம்தான் பாவம், மூன்று நிறத்தின் கரண்ட்டையும் அது ஒன்றே சுமக்கிறது. 13.5 வோல்ட் வைத்தால் கடைசி சற்றுத் தெளியும். ஆனால் தொடக்கத்தில் இருக்கும் நீல எல்.இ.டி.களில் கரண்ட் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அவை சீக்கிரம் செத்துப்போகும்.

அளந்து பார்த்துவிட்டே கை வையுங்கள். வெள்ளையை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, பிளஸ் புள்ளிக்கும் நீலத்துக்கான B புள்ளிக்கும் இடையே அளவெடுங்கள்: தொடக்கத்தில், கிளிப்புக்கு முன்னால், கிளிப்பைத் தாண்டி, கடைசியில். கிளிப்பைத் தாண்டியதும் தடாலென்று இறங்கினால் குற்றவாளி அதுதான். எனக்கு அந்த கிளிப்புகள் மீது நம்பிக்கையே கிடையாது. சால்டர் வையுங்கள்.

இனி சரிசெய்வது. சின்ன ரிமோட் கன்ட்ரோலர்கள் பலவும் நிறத்துக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். நீங்கள் 4 கேட்கிறீர்கள், சுடத்தான் செய்யும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு சுருளையும் பிரித்து, நடுவில் ஓர் ஆர்.ஜி.பி. ஆம்ப்ளிஃபயர் போடுங்கள்; சிக்னலைப் பார்த்து இரண்டாம் சுருளுக்குத் தனி பவர் விடும் சின்னப் பெட்டி அது. முதல் சுருளின் வால் அதற்கு சிக்னல் மட்டும் கொடுக்கும். பவர் நேராக சப்ளையிலிருந்து தடித்த வயரில் வரட்டும், 1.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. பிளஸ் வயரை மட்டும் ஒவ்வொரு சுருளின் கடைசிக்கும் இன்னொரு தடவை இழுத்துக் கொடுத்தால் மிச்சச் சிவப்பும் பெருமளவு அடங்கும். சப்ளையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பிளஸ் வயரிலும் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். 15 ஆம்பியர் சப்ளை ஷார்ட் ஆனால் மெல்லிய வயரைக் கொளுத்திவிடும்.

கேள்வி: என் வெள்ளை ஸ்ட்ரிப்பில் மூலை திரும்பும் இடத்தில் மூன்று எல்.இ.டி. மட்டும் எரியவில்லை. முழுவதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். மூன்றில் ஒன்று போனாலும் மூன்றும் அணையும். மூலையில் மடித்து ஒட்டியிருந்தால் உள்ளே சால்டர் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். எரியும்போது அந்த இடத்தை லேசாக அழுத்திப் பாருங்கள். வெளிச்சம் வந்து போனால் அதுதான். இரண்டு பக்கமும் வெட்டுக்கோட்டில் நறுக்கி எடுத்துவிட்டு, மூலையைச் சிறு வயர்த் துண்டுகளால் தாண்டுங்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.