பரண்மேல் இருக்கும் பெட்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம். அப்பா போன பங்குனியில் தவறிவிட்டார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுப் பரணில் அவருடைய ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. உள்ளே 14 நோட்டுகள். கவிதைகள், சங்கத்துக்கு வந்துபோனவர்களைப் பற்றிய குறிப்புகள், பாதியில் நின்றுபோன நாவல் மாதிரி ஒன்று. எதையும் எங்கும் அனுப்பியதில்லை. வருடா வருடம் சித்திரைத் திருவிழா முடிந்ததும் மொட்டைமாடியில் காயவைத்து, வேப்பிலை மாற்றி, திரும்பக் கட்டிவைப்பார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மாவிடம், "அதையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடு" என்றாராம். அம்மா இன்னும் போடவில்லை. இப்போது வீட்டை விற்கிறோம், ஆவணிக்குள் காலிசெய்ய வேண்டும். எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். நீங்கள் காஃப்கா, புதுமைப்பித்தன் என்று எழுதுகிறீர்கள். அவர்கள் பெரிய எழுத்தாளர்கள், அவர்கள் எழுதியதைக் காப்பாற்றியதில் அர்த்தம் இருக்கிறது. என் அப்பா யாருக்கும் தெரியாதவர். அவர் சொன்னபடி செய்வதுதானே மரியாதை?

*

அன்புள்ள சகோதரி,

முதலில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். இந்தப் பதிலை அப்புறம் படிக்கலாம். வீடு காலிசெய்கிற நேரத்தில் பத்துப் பேர் உள்ளே வந்துபோவார்கள், கட்டில் பார்க்க வந்தவர், பித்தளைப் பாத்திரம் எடுக்க வந்தவர், பழைய பேப்பர்காரர், எது யார் கையோடு போயிற்று என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பட்டதால் சொல்கிறேன்.

செல்லூரில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ராத்திரி கடை அடைத்ததும் டீக்கடையில் நின்றபடி அன்றைக்கு எழுதிய நாலு வரியைப் படித்துக் காட்டுவார். படித்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், கேட்டாலும் தரமாட்டார். அவர் இறந்த பத்தாம் நாள் அவர் மனைவி, "தம்பி, அவர் நோட்டெல்லாம் கிடக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். நான் போகவில்லை. ஏதோ வேலை, ஏதோ கல்யாணம், மூன்று வாரம் ஓடிவிட்டது. போனபோது சாக்கில் கட்டி எடைக்குப் போட்டிருந்தார்கள். சிம்மக்கல்லில் அந்தப் பேப்பர் கடையைத் தேடிப் பிடித்தேன். முந்தின செவ்வாய்க்கிழமையே சரக்கு லாரியில் ஏறிவிட்டது என்றார்கள். ஒரே ஒரு நோட்டு மட்டும் வீட்டில் மிஞ்சியிருந்தது, அதுவும் அதன் கடைசிப் பக்கத்திலிருந்து அந்த அக்கா பால் கணக்கு எழுதிவந்ததால். முன்பக்கம் திறந்தால் கவிதை. திருப்பிப் பிடித்தால் அரை லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர், விருந்தாள் வந்த நாளில் ஒன்றரை. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கவிதையின் மேலேயே பால் கணக்கு ஏறியிருக்கிறது. பதினொரு கவிதைகள். நாற்பது வருடம் எழுதிய மனிதருக்கு இன்று இருப்பது அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "அப்பா சொன்னபடி செய்வதுதானே மரியாதை" என்று கேட்கிறீர்கள். இதே மரியாதையைப் பற்றி உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் ஒரு இடம் எழுதியிருக்கிறார். ஏட்டுச் சுவடிகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போகிறார். அங்கே குவிந்து கிடந்த பழைய ஏடுகளைப் பற்றி விசாரித்தால், அவற்றைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்ய வேண்டும் என்று சொல்லி ஆகம முறைப்படி அக்கினியில் போட்டுவிட்டார்கள் என்று பதில் வருகிறது. அதைச் செய்தவர்கள் யாரும் தமிழுக்கு விரோதிகள் இல்லை. முழு மரியாதையோடுதான் செய்தார்கள். எந்தெந்த நூல் அதில் போயிற்று என்று இனி எக்காலத்திலும் தெரியாது.

காஃப்காவின் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாக. 1924 ஜூனில் நாற்பது வயதில் காசநோயில் இறந்தார். எல்லாவற்றையும் படிக்காமல் எரித்துவிடு என்று நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதிய சீட்டுகள் மேசையில் கிடைத்தன. பிராட் எரிக்கவில்லை. 1925இல் 'விசாரணை' நாவல் வெளிவந்தது, அடுத்த வருடம் 'கோட்டை'. 1939இல் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழையவிருந்த நேரத்தில் அந்தக் காகிதங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பாலஸ்தீனத்துக்கு ரயில் ஏறினார். இவ்வளவும் எல்லோரும் சொல்வது. இரண்டு விஷயத்தை மட்டும் நான் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் எரிக்கமாட்டேன் என்று பிராட் முன்பே காஃப்காவிடம் சொல்லியிருந்தார், தெரிந்தும் அவர் வேறு ஆளைத் தேடவில்லை. இன்னொன்று, அவர் நிஜமாகவே எரிக்க நினைத்தவை எரிந்தன. பெர்லினில் இருந்தபோது கூட இருந்த டோரா டியமான்ட்டிடம் சொல்லிச் சில கையெழுத்துப் பிரதிகளைத் தன் கண்முன்னால் தீயில் போடவைத்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அப்பாவின் வீட்டில் அத்தனை வருடமும் அடுப்பு இருந்தது. அவர் அந்த நோட்டுகளை ஒவ்வொரு சித்திரையிலும் மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் பரப்பினார், பழைய வேப்பிலையை உதறிவிட்டுப் புதிதாக வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன ஒரு வாக்கியத்தைவிட நான் அந்த வெயிலைத்தான் நம்புவேன். அப்புறம் உங்கள் அம்மா. பங்குனியிலிருந்து தினமும் வெந்நீர் அடுப்பு எரிந்திருக்கும், அவர் போடவில்லை. உங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர் பதில் சொல்லிவிட்டார்.

அடுத்தது, "அவர்கள் பெரிய எழுத்தாளர்கள்" என்றது. பெட்டியைத் திறக்கிற நேரத்தில் அவர்கள் யாரும் பெரிய எழுத்தாளர்களாக இருக்கவில்லை. லிஸ்பனில் ஃபெர்னாண்டோ பெஸோவா 1935இல் இறந்தபோது, வியாபாரக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதம் எழுதிக்கொடுத்துப் பிழைத்த மனிதர். போர்த்துகீசிய மொழியில் ஒரே ஒரு கவிதைப் புத்தகம், அதுவும் முந்தின வருடம்தான் வந்திருந்தது. அறையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே 25,000க்கும் மேற்பட்ட தாள்கள், கவர்களின் பின்பக்கத்திலும் துண்டுச் சீட்டுகளிலும் எழுதியவை. அதிலிருந்து எடுத்துத் தொகுத்த 'அமைதியின்மையின் புத்தகம்' 1982இல் வெளியானது. 47 வருடம். அந்த 47 வருடமும் அந்தத் தாள்கள் பத்திரமாக இருந்தன, அதில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாமலே அவற்றை வைத்திருந்தார்கள்.

வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் நமக்கு இன்னும் பக்கம். பரிசாலில் பிறந்தவர், வேலை கிடைப்பதும் போவதுமாகக் கல்லூரிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். 1954 அக்டோபர் 14 அன்று கல்கத்தாவில் டிராம் மோதி விழுந்து எட்டு நாள் கழித்து இறந்தார். கவிஞராகத் தெரிந்தவர்தான், ஆனால் ட்ரங்குப் பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே நாவல்கள், சிறுகதைகள், டைரிகள், யாருக்கும் காட்டாதவை. உயிரோடு இருந்தபோது ஒரு நாவல்கூட அச்சேறியதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட இளைஞர்களில் ஒருவர் மருத்துவ மாணவர், பூமேந்திர குஹா என்று பெயர். பிற்பாடு அவர் பெரிய அறுவைசிகிச்சை நிபுணர் ஆனார். பல பத்தாண்டுகள் அந்தக் கையெழுத்தைக் கண்ணால் துழாவித் துழாவிப் படியெடுத்தார். எனக்கு எந்த எழுத்தாளரின் வாழ்க்கையைவிடவும் இந்த மருத்துவரின் வாழ்க்கையை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

உங்கள் அப்பா பெஸோவா என்று நான் சொல்லவில்லை. நோட்டைப் பார்க்காமல் சொல்லவும் மாட்டேன். கவிதைகள் சுமாராகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு சங்கத்து எழுத்தர் தன் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார் என்றீர்களே, அந்தக் குறிப்புகளுக்காகவே எனக்குக் கை பரபரக்கிறது. பருத்திக்கு என்ன விலை, யார் நகையை வைத்துவிட்டு மூன்று வருடம் மீட்கவில்லை, மழை இல்லாத வருடத்தில் கடன் மனுவில் என்ன காரணம் எழுதினார்கள், இதையெல்லாம் திருமங்கலம் பக்கத்து மனிதர்களின் வாய்வழியாக வேறு யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதைக்கூடச் சேர்த்துவைத்தார். அதை வைத்து உண்டான ஆராய்ச்சி நூலகம் இன்று சென்னையில் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நம் ஊரில் ப.சிங்காரம் இருந்தார். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போய், யுத்தத்துக்குப் பிறகு திரும்பி, மதுரையில் நாளிதழ் வேலையில் இருந்துகொண்டு ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாகவே வாழ்ந்தவர். 'புயலிலே ஒரு தோணி'யை எழுதி முடித்துப் பத்து வருடம் பிரசுரம் கிடைக்காமல் வைத்திருந்தார். 1972இல் வந்தது. அதற்கு முன்னால் ஒரு நாவல், அவ்வளவுதான், 1997 கடைசியில் போய்ச்சேரும்வரை வேறு எழுதவில்லை. எத்தனை பேர் அந்தத் தெருவில் அவர் பக்கமாக நடந்து போயிருப்போம். எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிக்க இரண்டு பேர் இருந்திருந்தால் மூன்றாவது நாவல் வந்திருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

இனி செய்ய வேண்டியது. நோட்டுகளை வரிசை மாற்றாமல் எண் போட்டுக்கொள்ளுங்கள், பென்சிலால், மூலையில். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் செய்யவும் கூடாது. இராமபாணம் துளைத்திருந்தால் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு தாளாகப் பிரித்து நிழலில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள், ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி அண்ணனிடம். அவரிடம் கொடுப்பது முக்கியம், அவரும் மகன்தான், விற்கிற அவசரத்தில் சொன்னதை வைத்து அவரை எடைபோட வேண்டாம்.

பிறகு படியுங்கள். உடனே புத்தகம் போடக் கிளம்ப வேண்டாம், எதையும் திருத்த வேண்டாம். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் 1886இல் இறந்ததும் தங்கை லவினியா அக்காவுக்குக் கொடுத்த வாக்குப்படி அவருக்கு வந்த கடிதங்களை எரித்தார். பெட்டியில் கையால் தைத்த சின்னச் சின்னக் கட்டுகளாகக் கவிதைகள் கிடைத்தன, அவர் எழுதியவை மொத்தம் கிட்டத்தட்ட 1,800. அவற்றை எரிக்கச் சொல்லவில்லையே என்று காப்பாற்றினார். இது வரைக்கும் அந்தப் பெண்ணின் நிதானம் எனக்குப் பாடம். ஆனால் 1890இல் தொகுத்தவர்கள் எமிலி வரிகளில் நிறுத்தக்குறி போலப் போட்ட கோடுகளை எடுத்தார்கள், எதுகையைச் 'சரிசெய்தார்கள்', தலைப்புகள் வைத்தார்கள். அவர் எழுதியது எழுதியபடி முழுத் தொகுப்பாக வர 1955 ஆகிவிட்டது. அப்பா 'ற'வுக்கு 'ர' போட்டிருந்தால் இருக்கட்டும். அடித்ததையும் படமெடுங்கள், அடித்த வரியில்தான் பல நேரம் ஆள் இருப்பார்.

வீட்டு விஷயம் ஏதாவது வந்து உங்கள் மனதைச் சங்கடப்படுத்தினால் அந்தப் பக்கத்தைத் தனியாக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அதை வைப்பதா, அடுப்பில் போடுவதா என்பது அவர் உரிமை. அந்த ஒரு விஷயத்தில் அப்பா சொன்ன வார்த்தை செல்லும் என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். முகவரியைத் தனிக் கடிதத்தில் அனுப்புகிறேன். முதல் நோட்டை மட்டும் துணிப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்த்துவிடும். முடிந்தால் அம்மாவையும் கூட்டிவாருங்கள். கையெழுத்து புரியாத இடம் வந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும்.