முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் சப்ளிமென்ட்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் துறுதுறுப்பும்) என்று போன வருடம் சொன்னார்கள், அதற்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறான். மதியச் சாப்பாட்டு டப்பா தொடாமலேயே திரும்பி வருகிறது. ராத்திரி காலை உதைத்துக்கொண்டே இருக்கிறான். மகளுக்கு 6 வயது, ஆட்டிசம். வெள்ளைச் சோறு, பிரெட், ஒரே கம்பெனித் தயிர், உருளைக்கிழங்கு சிப்ஸ், இந்த நான்கைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு மகனுக்கு மல்டிவைட்டமின், துத்தநாக சிரப், மூளைக்கு என்று ஒரு கேப்ஸ்யூல், மகளுக்கு மிட்டாய் போல மெல்லுகிற கம்மி வைட்டமின், வீட்டில் எல்லோருக்கும் மீன் எண்ணெய் வாங்குகிறேன். மாதம் 1,400 ராண்ட் ஆகிறது. கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் மகள் நன்றாகப் பேசுவாள் என்றும் சொல்கிறார்கள். இதையெல்லாம் கொடுத்துக்கொண்டு மகனுடைய மாத்திரையை நிறுத்திவிடலாமா? புரட்டாசி வேறு வருகிறது, ஒரு மாதம் வீட்டில் கறி மீன் கிடையாது. என் கணவரும் சின்ன வயதில் மகனைப் போலவே இருந்தாராம், மாமியார் சொல்கிறார். அவரும் அந்த மூளை கேப்ஸ்யூலைச் சாப்பிடலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் டப்பாக்களில் ஒன்றுகூட மெத்தில்ஃபெனிடேட் செய்யும் வேலையைச் செய்யாது, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தாலும் செய்யாது. மாத்திரையால் பசி அடங்கிப்போவது உண்மைதான், அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதை மாற்றணுமா, அளவைக் குறைக்கணுமா என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. ராத்திரி காலை உதைக்கிறான் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். தூங்கப்போகும்போது காலில் ஏதோ ஊர்வது மாதிரி இருக்கிறது, அசைத்தால்தான் சரியாகிறது என்று சில பிள்ளைகள் சொல்லும், சிலருக்குச் சொல்லத் தெரியாது, உதைக்கும், புரளும், போர்வை தரையில் கிடக்கும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கால் தொல்லை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. இதற்குப் பின்னால் பல சமயம் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் உண்டாவதற்கு இரும்பு வேண்டும், கவனத்துக்கும் அதே டோபமைன்தான் வேண்டும். ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளை மறுநாள் வகுப்பில் எப்படி உட்காரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் டாக்டரிடம் போய் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு ரத்தம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டால் சும்மா வந்துவிடாதீர்கள். உடம்பில் சேமித்து வைத்த இரும்பு தீர்ந்துகொண்டே வரும்போதும் ஹீமோகுளோபின் சரியாகவே காட்டும், சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சளி, காய்ச்சல் என்று உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். கால் தொல்லையோடு ஃபெரிட்டின் (லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்) 50க்குக் கீழே இருந்தால் பிள்ளைகளுக்கு இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது தூக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல். 2008இல் பிரான்சில் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்த ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு 12 வாரம் இரும்பு கொடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், 23 பிள்ளைகள். குறை இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள், இரும்பு நிறைவாக இருக்கிற பிள்ளைக்கு மேலும் கொடுத்தால் கவனம் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

நம் வீடுகளில் இரும்புக் குறைவு புதிதும் அல்ல. டர்பன் பக்கத்து இந்தியக் குடும்பங்களில் இரண்டு வருடம் மசாலாத் தூளிலேயே இரும்பைக் கலந்து கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது, 1989இல் வெளிவந்தது. பெண்களின் ரத்தசோகை நன்றாகவே குறைந்தது. மசாலாவில் கலந்ததற்குக் காரணம், அது இல்லாமல் நம் வீட்டில் ஒரு நாளும் அடுப்பு எரியாது என்பதுதான். நீங்களும் உங்கள் ஃபெரிட்டினைப் பார்த்துவிடுங்கள், பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

டாக்டர் இரும்பு கொடுக்கச் சொன்னால் அவர் சொன்ன அளவு, சொன்ன காலம் மட்டும்தான். பாலோடும் டீயோடும் கொடுக்காதீர்கள், ஆரஞ்சு ஜூஸோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்கணும். பாட்டிலைப் பூட்டி வையுங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சின்னப் பிள்ளை இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து அள்ளிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் ஆறு வயதுப் பெண் இருக்கிறாள்.

புரட்டாசிக்கு விரதத்தை விட வேண்டியதில்லை. பருப்பு, சுகர் பீன்ஸ், கீரை எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் கறியில் உள்ள இரும்பைப் போல அது சுலபமாகச் சேராது. அதனால் அதே தட்டில் எலுமிச்சை பிழிந்தோ, தக்காளி சம்பலோ, ஒரு கொய்யாத் துண்டோ இருக்கட்டும். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ரூய்போஸ் மூலிகை டீ என்றால் அந்தப் பிரச்சினை இல்லை, சாதாரணத் தேயிலை தடுப்பது மாதிரி அது இரும்பைத் தடுப்பதில்லை, இந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களே 1979இல் பார்த்துச் சொன்னது.

சாப்பாட்டு டப்பா விஷயம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பசி வராது, அந்த நேரத்தில் அவனோடு சண்டை போட்டுப் பயனில்லை. காலையில் மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறையக் கொடுங்கள், முட்டையும் பிரெட்டும், அல்லது மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சியில் பாலும் வேர்க்கடலை வெண்ணெயும். டப்பாவில் கொஞ்சமாக, கையில் பிடித்துக் கடிக்கிற மாதிரி வையுங்கள். சாயந்தரம் மருந்து இறங்கியதும் பிள்ளை பசியோடு வரும், அப்போது பிஸ்கட்டைக் கையில் கொடுக்காமல் சோறு போடுங்கள், படுக்கப்போகும் முன்னால் இன்னொரு தடவையும் சாப்பிடட்டும். எடையும் உயரமும் டாக்டரிடம் போகும்போதெல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது டப்பாக்களுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகனுடைய சிரப்பில் துத்தநாகம் 10 மில்லிகிராம், மூளை கேப்ஸ்யூலில் 10, மல்டிவைட்டமினில் 5. ஆக 25. அவன் வயதுக்கு, சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 23க்கு மேல் போகக்கூடாது. துத்தநாகம் நாள்கணக்கில் அதிகமாகப் போனால் உடம்பு செம்பை எடுத்துக்கொள்ளாது, செம்பு குறைந்தாலும் ரத்தசோகை வரும். பி6, வைட்டமின் ஏ இரண்டும்கூட இப்படித்தான் ஒவ்வொரு டப்பாவிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு போகின்றன. பி6 அளவுக்கு மீறிப் போனால் கை கால் மரத்துப்போகும், நரம்பைப் பாதிக்கும். ஒவ்வொரு டப்பாவையும் தனியாகப் பார்த்தால் ஆபத்தாகத் தெரியாது, அதனால்தான் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். சிரப்பையும் மூளை கேப்ஸ்யூலையும் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் கேப்ஸ்யூல் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில், இந்த மருந்து பதிவு செய்யப்படாதது, தரத்தையும் பாதுகாப்பையும் பயனையும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் மதிப்பிடவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பி 600 ராண்ட் கொடுக்கும் அம்மாக்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மெக்னீசியம் கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். அது பி6ஓடு சேர்ந்து ஆட்டிசத்துக்கு என்று பல வருடமாகப் பேசப்படுகிறது, 2005இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு இருக்கிற ஆய்வுகளை அலசிவிட்டு, சிபாரிசு செய்யும் அளவுக்கு ஒன்றுமில்லை என்றது.

மீன் எண்ணெய் விஷயத்தில் உங்களை முழுதாகத் தடுக்க மாட்டேன். 2011இல் 10 ஆய்வுகளை, ஏ.டி.எச்.டி. உள்ள 699 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சின்னப் பலன் தெரிந்தது, அதுவும் இ.பி.ஏ. என்ற ஒமேகா 3 கொழுப்பு அதிகம் உள்ள எண்ணெயில். 2023இல் கோக்ரேன் இன்னும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, கவனக்குறைவிலும் துறுதுறுப்பிலும் மருந்தில்லாத போலிக் கேப்ஸ்யூல் கொடுத்த பிள்ளைகளுக்கும் மீன் எண்ணெய் போன்றவை கொடுத்த பிள்ளைகளுக்கும் பெற்றோர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் என் கருத்து, வாரம் இரண்டு தடவை டின் மீன் குழம்பு வையுங்கள். தக்காளி சாஸில் வரும் பிலச்சர்ட் மீன் டின்னில் அதே ஒமேகா 3 இருக்கிறது, முள்ளோடு மசித்தால் கால்சியமும் கிடைக்கும், வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு நம் ஆயாக்கள் காலத்திலிருந்து சாப்பிடுவதுதானே. புரட்டாசி ஒரு மாதம் மீன் இல்லாமல் போனால் ஒன்றும் ஆகிவிடாது.

மகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பிடிவாதம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவளுக்கு உணவின் வாசனையும் வழவழப்பும் நிறமும் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு பலமாகத் தெரிகிறது. அவள் சாப்பிடும் நான்கையும் எடுத்துப் பார்ப்போம். இந்த நாட்டில் பிரெட் மாவிலும் மீலி மீலிலும் 2003இலிருந்து சட்டப்படி இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, ஃபோலிக் அமிலம், சில பி வைட்டமின்கள் சேர்க்கிறார்கள். ஆக அந்தச் சாதாரண பிரெட்டே அவளுக்குப் பெரிய துணை. தயிரில் புரதம், கால்சியம், பி12. சிப்ஸில் கொஞ்சம் வைட்டமின் சி. இப்போது கோதுமையையும் பாலையும் நிறுத்துங்கள் என்பவர்களிடம் கேளுங்கள், நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் என்ன? சோறும் சிப்ஸும். அந்த உணவுமுறையால் பேச்சு வரும் என்று நல்ல ஆய்வு எதுவும் காட்டவில்லை. சீலியாக் நோயோ (கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) பால் ஒவ்வாமையோ இருப்பதாக டாக்டர் பரிசோதித்துச் சொன்னால் அது வேறு விஷயம்.

குறையக்கூடியவை வைட்டமின் சி, டி, இரும்பு. இப்படி நான்கைந்து உணவோடு நிற்கும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி நோய் வந்து, காரணம் தெரியாமல் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்த கதைகள் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன. கால் வலி, நொண்டி நடப்பது, நடக்கவே மறுப்பது, ஈறில் ரத்தம், காரணமில்லாமல் கன்றிப்போவது, இதில் எது தெரிந்தாலும் பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்காமல் விட்டுவிடுவார்கள். அவளுக்குக் கொஞ்சமாவது வைட்டமின் சி தரும் சிப்ஸையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டால் அன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

மகளுக்கு ஒரு மல்டிவைட்டமின் தேவைதான், நியாயமான செலவு. கம்மியில் பெரும்பாலும் இரும்பு இருக்காது, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எதைக் கொடுத்தாலும் அவளுடைய தயிரில் தெரியாமல் கலக்காதீர்கள், தங்கச்சி. கண்டுபிடித்துவிடுவாள். நம்பிச் சாப்பிட்டது ருசி மாறிவிட்டது என்று தெரிந்தால் தயிரையும் விட்டுவிடுவாள், நான்கு மூன்றாகிவிடும். தனிக் கரண்டியில், இது வைட்டமின் என்று சொல்லிக் கொடுங்கள், துப்பினால் நாளைக்கு. புது உணவும் அப்படித்தான், அவளுக்குப் பிடித்ததிலிருந்து ஒரே ஒரு படி தள்ளி. அதே சிப்ஸ், வேறு வடிவம். அதே சோறு, ஓரத்தில் அரைக் கரண்டி நெய். பக்கத்தில் இருந்தால் போதும், தொட வேண்டும் என்றுகூட இல்லை. குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது டயட்டீஷியன் கிடைத்தால் மூளை கேப்ஸ்யூல் காசை அங்கே கொடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் கேப்ஸ்யூல் வேண்டாம். ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் குடும்பத்தில் வருவது, மாமியார் சொல்வது சரியாகவே இருக்கலாம், அவரும் ஒரு தடவை டாக்டரிடம் மதிப்பீடு செய்துகொள்ளட்டும். பெரியவர்களுக்கும் சிகிச்சை உண்டு. அப்பாவும் நம்மைப் போலத்தான் என்று தெரிந்தால் மகனுக்கும் மாத்திரை சாப்பிடுவதில் இருக்கும் வெட்கம் கொஞ்சம் குறையும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது: இரண்டு பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சி.ஆர்.பி., மகளுக்குக் கூடுதலாக வைட்டமின் டி. எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள், எது எது கொடுக்கிறீர்கள் என்று அவரும் பார்க்கட்டும். ரிசல்ட் வந்ததும் எண்களை எனக்கு எழுதுங்கள்.