கருமணல் கரையில் யாருக்கு என்ன பங்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குமரிக் கடற்கரையின் கருமணல், அதாவது தாது மணல் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி, என்னால் பதில் சொல்ல முடிந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடற்கரை அளவீடு என் தொழில். சட்டம் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஸ்டேக்ஹோல்டர் என்பதைப் பங்குதாரர் என்று எழுதுகிறீர்களே, கம்பெனியில் ஷேர் வைத்திருப்பவரைத்தானே அப்படிச் சொல்வோம்? கடலோர ஆட்களுக்கு அங்கே என்ன ஷேர் இருக்கிறது?"

நல்ல கேள்வி. ஆனால் கடற்கரையில் 'பங்கு' என்ற சொல்லுக்கு ஷேர் மார்க்கெட்டைவிடப் பழைய அர்த்தம் ஒன்று உண்டு. வள்ளம் கரைக்கு வந்து மீன் விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தை வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, போன ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். மீன் படாத நாளில் எல்லோரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். ஆக, பங்குதாரர் என்றால் நஷ்டத்திலும் பங்கு உள்ளவர்.

இந்த அளவுகோலை மணல் எடுக்கும் கரைக்கு வைத்துப் பாருங்கள். அணுசக்தித் துறை, அதன் கீழ் மணலை எடுக்கும் ஐஆர்இஎல் நிறுவனம், சுரங்கத் திட்டத்தைப் பார்க்கும் அணுக் கனிம இயக்ககம், கதிரியக்கப் பாதுகாப்பைப் பார்க்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கலெக்டர் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு பெரிய வரிசை. கரையில் நின்று வலை இழுக்கும் கரைமடிக்காரர்கள், கருவாடு காயப்போடும் பெண்கள், வள்ளம் ஏற்றி வைக்க இடம் தேடுகிறவர்கள், மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்கள் இன்னொரு வரிசை. நஷ்டம் வந்தால் இரண்டாவது வரிசைக்குத்தான் வரும், அந்த வரிசையில் ஒருவருக்கும் கையெழுத்து கிடையாது. மற்றபடி 'அனைத்துத் தரப்பினரின் பங்கேற்பு' என்று அறிக்கைகளில் எழுதுவதெல்லாம் அலங்காரம்.

"2013-லேயே மணல் எடுக்கத் தடை போட்டாகிவிட்டதே, திரும்ப எப்படி வந்தது?"

தடை தனியாருக்கு. 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்திலும், அடுத்த மாதமே திருநெல்வேலி, கன்னியாகுமரி உள்ளிட்ட மாவட்டங்களிலும் தமிழக அரசு நிறுத்தி வைத்தது. அந்த விவகாரத்தில்தான் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. இடையே 2019-ல் ஒன்றிய அரசு அணுக் கனிம விதிகளைத் திருத்தி, மோனசைட் (தோரியம் உள்ள கதிரியக்கக் கனிமம்) எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் தாது மணல் அரசு நிறுவனங்களுக்கே என்று ஆக்கிவிட்டது. மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் ஆலை நடத்துவது தனிக்கதை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து தொடங்குவது அது. இப்போது நீங்கள் கேள்விப்படுவது கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலத்திலிருந்து கொல்லங்கோடு வரை 1,144 ஹெக்டேருக்கு ஐஆர்இஎல் கேட்டிருக்கும் திட்டம். 2024 அக்டோபர் 1-ல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது.

அரசு நிறுவனம்தானே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். கணக்கில் வராத மணல் போகாது என்ற அளவில் அது சரி. ஆனால் எடுக்கிறவர் யார் என்று பார்த்து அலை அடிப்பதில்லையே. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் கரையில் மணல் அள்ளத் தடை உண்டு, வேறெங்கும் கிடைக்காத அரிய கனிமத்துக்கு விலக்கும் உண்டு. அந்த விலக்கின் மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது.

"கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் புறக்கணிக்கலாம் என்று எங்கள் பங்குப்பேரவையில் (தேவாலய நிர்வாகக் கூட்டத்தில்) பேச்சு. சரியா?"

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அந்தக் கூட்டம் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடக்கும், வேறு யாராவது போய் நல்ல திட்டம் என்று பேசிவிட்டு வருவார்கள், அதுவே பதிவாகும்.

போனால் எப்படிப் போவது என்பதுதான் முக்கியம். சில வருஷங்களுக்கு முன் தென்மாவட்டம் ஒன்றில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மீன் விற்கும் அம்மா ஒருவர் காலையிலிருந்து காத்திருந்து மதியம் மூன்று மணிக்கு மைக் கிடைத்து, எந்த மாதத்தில் எந்த இடத்து மணலில் எத்தனை கூடை நெத்திலி காயப்போடுவார், மணல் ஈரமானால் எத்தனை நாளில் புழு வைக்கும் என்று இரண்டு நிமிஷம் பேசினார். அன்றைக்கு நிபுணர்கள் சொன்ன எதையும்விட உருப்படியான தகவல் அதுதான். நடவடிக்கைக் குறிப்பில் வந்தது ஒரு வரி: 'ஒரு பெண்மணி வாழ்வாதாரம் குறித்துப் பேசினார்.' அவ்வளவுதான். அவர் கையில் அதே விஷயம் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, நகலில் பெறப்பட்டது என்று முத்திரை வாங்கியிருந்தால் அது இணைப்பாகவே உள்ளே போயிருக்கும்.

ஆகவே பேசுவதை எழுதிக் கொடுங்கள். கூட்ட அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும், அந்த நாட்களில் வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள். இல்லையென்று சொன்னால் அதையும் எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் அங்கேயே குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டுவது கட்டாயம். பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவது அந்த நேரத்தில்தான்! நாலு பேராவது இருந்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு பெரிய இடி இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் இந்தக் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு கொடுத்து ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கரையில் இருப்பவர்களுக்கு இருந்த ஒரே அதிகாரபூர்வ மைக்கையும் பிடுங்குவது இது என்பது என் கருத்து. அந்தக் கதவு மூடினால் மற்ற கதவுகளைத் தட்ட வேண்டும். வருஷத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. (கொல்லங்கோடு போல நகராட்சி ஆகிவிட்ட ஊர்களில் கிராமசபை கிடையாது, வார்டு குழுவும் பகுதி சபையும்தான்.) அப்புறம், கடற்கரை அறிவிக்கைப்படி கலெக்டர் தலைமையில் ஒரு மாவட்டக் குழு உண்டு. அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதற்கு மேல் கதவு திறக்காது.

"வள்ளவிளைப் பக்கம் வருஷா வருஷம் வீடு போகிறது. மணல் எடுப்பதால்தானே?"

ஒரே காரணம் என்று நான் சொன்னால் உங்கள் வழக்கு அங்கேயே தோற்றுவிடும், எதிர்த்தரப்பு வக்கீல் வேறு காரணங்களை வரிசையாக எடுத்து வைப்பார். மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருப்பது. ஆனி ஆடியில் கடல் எடுத்துக்கொண்டு போகும், கார்த்திகைக்குப் பிறகு பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கும். ஆற்றில் அணை கட்டினால் புதிய மணல் வரத்து குறைகிறது. துறைமுகச் சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் குவிகிறது, மறுபக்கம் பட்டினி கிடக்கிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் திட்டால் வள்ளம் கவிழ்வதும் பக்கத்து ஊர்களில் கரை போவதும் ஒரே கதையின் இரண்டு முனைகள். ஒரு ஊருக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் சுவர்) போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது, பிறகு அவர்களும் கேட்கிறார்கள். இப்படி ஏற்கெனவே பற்றாக்குறையில் ஓடும் கணக்கிலிருந்து மணலையும் எடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் சரியான கேள்வி. கேரளத்தில் ஆலப்பாட்டு மக்கள் கேட்டதும் அதுதான்: அலை கொண்டுவந்து போடும் மணலைக் கரையிலேயே வாரிக்கொண்டால், கரை எதை வைத்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும்? 2019 ஜனவரியில் அங்கே அந்த முறையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

உங்கள் பங்கு இங்கே அளவெடுப்பது. ஊர்க் குருசடியின் (சிறு சிலுவைக் கோயிலின்) சுவரையோ, அசையாத வேறு கட்டடத்தையோ அடையாளமாக வைத்து, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அங்கிருந்து ஏற்ற அலையின் ஈரக்கோடு வரை டேப் பிடித்து நோட்டில் எழுதுங்கள், அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுங்கள். சுரங்கம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வருஷக் கணக்கு உங்களிடம் இருந்தால் அதன் மதிப்பே வேறு. தொடங்கிய பிறகு எடுப்பது பாதி சாட்சிதான்.

"எங்கள் தெருவில் நாலு பேருக்குப் புற்றுநோய். தோண்டினால் இன்னும் அதிகமாகாதா?"

இதில் எனக்கு நிறைய திட்டு விழும், இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், மோனசைட்டில் உள்ள தோரியம்தான் காரணம். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்று நிறுவனத் தரப்பு சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு.

ஆனால் அந்த ஆய்வு மணலில் வாழ்பவர்களைப் பற்றியது. பிரிக்கும் ஆலையில் தூசியில் வேலை செய்பவர்களுக்கோ, பிரித்துக் குவித்த மோனசைட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ அது பதில் ஆகாது. எனவே 'புற்றுநோய் வரும்' என்று போஸ்டர் ஒட்டுவதைவிட, ஆலை வேலிக்கு வெளியே எடுத்த கதிர்வீச்சு அளவு எவ்வளவு, தொழிலாளர் மருத்துவப் பரிசோதனை எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை.

"குழியை மூடித் தருவதாகச் சொல்கிறார்கள். மூடினால் பழையபடி ஆகிவிடுமா?"

மட்டம் கொஞ்சம் தாழும், கனமான மணல் போய்விட்டதல்லவா. அதைவிடப் பெரிய கவலை கிணறு. மணல்மேட்டுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மேட்டைச் சீவினால் மேலே உள்ள அந்த அடி குறைகிறது, கீழே நாற்பது மடங்கு ஏறி வருகிறது. திட்ட அறிக்கையில் கோடைக்காலக் கிணற்று உப்பளவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செடி விஷயத்தில் ஒரு ஏமாற்று: வரிசையாகச் சவுக்கு நட்டுப் பசுமைப் பரப்பு என்று போட்டோ போடுவது. மேட்டைக் கட்டிப்பிடித்து வைப்பது அடம்பங்கொடியும் ராவணன் மீசையும்தான். அடம்பு கணுவுக்குக் கணு வேர் விட்டு ஊர்ந்து போகும், ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள், மணலோடு வரும்.

"நான் வார்டு உறுப்பினர். கனிம நிதி எங்களுக்கு வருமா?"

கேட்டால் வரும். மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் குத்தகைதாரர் ராயல்டியில் 30 சதவீதமோ 10 சதவீதமோ கட்ட வேண்டும், 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகையா பிந்தையதா என்பதைப் பொறுத்தது. குடிநீர், சுகாதாரம், கல்விக்கு முன்னுரிமை. உங்கள் ஊர் 'பாதிக்கப்பட்ட பகுதி' பட்டியலில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அங்கேதான் முக்கால்வாசி ஊர்கள் கோட்டை விடுகின்றன.

"என் மகன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் இரண்டு கட்சி. நாங்கள் எந்தப் பக்கம்?"

இரண்டு பக்கமும்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அக்கா. சம்பளமும் கரையும் ஒரே வீட்டுக்குத் தேவைப்படலாம். அனுமதி நிபந்தனைகள் எப்படி நிறைவேறுகின்றன என்று நிறுவனம் ஒவ்வொரு ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பது தளத்தில் நடக்கிறதா என்று உங்கள் மகனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பெயர் வெளியே வராமல் ஊர்க்கமிட்டிக்குச் சொல்லட்டும், வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது கமிட்டியின் பொறுப்பு.

"போன முறையும் டேப் பிடிக்கச் சொன்னீர்கள். எந்த டேப் வாங்குவது?"

50 மீட்டர் ஃபைபர் டேப். ஸ்டீல் வேண்டாம், உப்புக்காற்றில் இரண்டு மாதத்தில் துரு பிடித்து எண் தெரியாமல் போய்விடும். எழுதுவதற்கு பென்சில், பேனா மை ஈரத்தில் கரையும்.